தொழுகையில் நிய்யத்: ஒளுவிலிருந்து ஸலாம் வரை முழுமையான வழிகாட்டி

தொழக் கற்றுக்கொள்ள வருபவர்கள் அத்தஹிய்யாத்தையும் சூராக்களையும் மனனம் செய்ய வாரக்கணக்கில் உழைக்கிறார்கள். நிய்யத்துக்கு (இன்னதைத் தொழுகிறேன் என்ற எண்ணத்துக்கு) மட்டும் ஒரு வாக்கியத்தை எழுதி வாங்கிக்கொண்டு, அதோடு அந்தப் பாடம் முடிந்ததாக நினைத்துவிடுகிறார்கள். பிறகுதான் கேள்விகள் வரும். “ஹஜ்ரத், லுஹருக்குப் பதிலாக அஸர் என்று வாயில் வந்துவிட்டது, தொழுகை கூடுமா?” “இமாம் ருகூவுக்குப் போய்விட்டார், நிய்யத் சொல்ல நேரமில்லை, என்ன செய்வது?” “நிய்யத் சரியாக வரவில்லையோ என்று மூன்று தடவை தக்பீர் கட்டினேன்.”

இந்தக் கேள்விகள் எல்லாவற்றுக்கும் ஒரே காரணம்தான்: நிய்யத்தை நாவில் தேடுகிறோம். அது இருக்க வேண்டிய இடம் கல்பு, அதாவது உள்ளம். கல்பில் அது இருக்க வேண்டுமானால், தக்பீருக்கு (தொழுகையைத் தொடங்கும் “அல்லாஹு அக்பர்” சொல்ல) கை உயர்த்துவதற்கு முன்பே சில விஷயங்கள் முடிவாகியிருக்க வேண்டும். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

ஷாஃபி, ஹனஃபி இரண்டு மத்ஹபுகளின் (சட்ட வழிகளின்) சட்டத்தையும் சேர்த்தே தருகிறேன். தமிழகத்தின் கடலோர ஊர்களிலும் இலங்கையிலும் ஷாஃபிகள் அதிகம். உள்நாட்டு ஊர்களில் ஹனஃபிகள் அதிகம். படிப்புக்கும் வேலைக்கும் ஊர் மாறுகிறவர் இரண்டு வகைப் பள்ளிகளிலும் தொழ வேண்டி வரும். அப்போது எது தன் மத்ஹபின் சட்டம், எது பக்கத்தில் நிற்பவருடையது என்று தெரியாவிட்டால் குழப்பம்தான்.

1. முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டியவை

“செயல்கள் எல்லாம் நிய்யத்துகளைக் கொண்டே” என்ற நபிமொழியை உமர் (ரலி) அறிவிக்கிறார்கள். ஸஹீஹுல் புகாரியின் முதல் ஹதீஸ் அதுதான். சட்ட நூல்கள் இதிலிருந்து நிய்யத்துக்கு இரண்டு வேலைகளைச் சொல்கின்றன: வணக்கத்தை வழக்கமான செயலிலிருந்து பிரிப்பது, ஒரு வணக்கத்தை இன்னொரு வணக்கத்திலிருந்து பிரிப்பது.

சுபுஹை (அதிகாலைத் தொழுகையை) எடுத்துக்கொள்ளுங்கள். சுன்னத்தும் (நபிவழி, கட்டாயமில்லாதது) இரண்டு ரக்அத் (தொழுகைச் சுற்று), பர்ளும் (கடமை) இரண்டு ரக்அத். அதே கியாம் (நிற்றல்), அதே ருகூவு (குனிதல்), அதே ஸுஜூது (சிரம் பணிதல்). தனியாகத் தொழுகிற ஒருவரைப் பக்கத்திலிருந்து பார்ப்பவருக்கு அவர் எதைத் தொழுகிறார் என்று தெரியாது. இரண்டையும் பிரிப்பது அவருடைய கல்பில் இருப்பது மட்டுமே.

ஆகவே நிய்யத் வைப்பதற்கு முன், எதைப் பிரிக்கப் போகிறோம் என்ற அறிவு வேண்டும். இப்போது எந்த வக்து (தொழுகை நேரம்), அதில் பர்ளு எது, சுன்னத் எது, நாம் ஊரில் இருப்பவரா பயணியா: இவை தெரியாமல் ஒருவருக்கு நிய்யத் சொல்லிக்கொடுப்பதில் பயனில்லை. சிறுவர்களுக்கும் புதிதாகத் தொழுகைக்கு வருபவர்களுக்கும் ஐந்து வக்தின் ரக்அத்துகளை, எது பர்ளு என்ற பிரிவோடு முதலில் மனத்தில் பதியவைத்துவிட்டு, அதன் பிறகே நிய்யத்துக்கு வாருங்கள்.

வக்து நுழைந்ததை உறுதிசெய்வதும் இதில் சேரும். நேரம் வந்துவிட்டதாக நினைத்துத் தொழுதவருக்கு, வரவில்லை என்று பின்னால் தெரிந்தால், அந்த பர்ளை வக்து வந்தபின் மீண்டும் தொழ வேண்டும்.

2. ஒளுவின் நிய்யத்

ஷாஃபி மத்ஹபில் ஒளுவின் (தொழுகைக்கு முன் உறுப்புகளைக் கழுவிச் சுத்தமாவதன்) முதல் பர்ளே நிய்யத்தான். அதற்குரிய நேரம், முகத்தின் எந்தப் பகுதியிலாவது முதலில் தண்ணீர் படும் நேரம். “ஒளுவின் பர்ளை நிறைவேற்றுகிறேன்” என்றோ, “சிறு தொடக்கை (ஒளு இல்லாத நிலையை) நீக்குகிறேன்” என்றோ, “தொழுகைக்காகச் சுத்தமாகிறேன்” என்றோ கல்பில் கொண்டுவந்தால் போதும்.

தவறு நடப்பது இப்படி. ஹவுளில் (ஒளு செய்யும் தொட்டியில்) உட்கார்ந்து மணிக்கட்டு வரை கழுவும்போது நிய்யத் வைப்பார். வாய் கொப்பளித்துக்கொண்டே பக்கத்தில் இருப்பவரிடம் பேச்சுக் கொடுப்பார். முகத்தில் தண்ணீர் அள்ளி ஊற்றும்போது பேச்சு கடை வாடகையில் நிற்கும், கல்பில் நிய்யத் இருக்காது. கை கழுவும்போதே நிய்யத் வைப்பது நல்லதுதான். முன்னால் உள்ள சுன்னத்துகளுக்கும் நன்மை கிடைக்கும். ஆனால் முகம் கழுவும்வரை அது நிற்க வேண்டும். அதனால்தான் ஒளுவில் பேசாதீர்கள் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

இன்னொன்று, வெயிலில் வந்து குழாயடியில் முகம் கழுவியவர், “சரி, அப்படியே ஒளுவையும் முடித்துவிடுவோம்” என்று கையிலிருந்து தொடர்வது. ஷாஃபியில் இந்த ஒளு கூடாது. நிய்யத்தோடு முகத்தை மறுபடியும் கழுவித் தொடர வேண்டும்.

ஹனஃபி மத்ஹபில் ஒளுவுக்கு நிய்யத் சுன்னத். நிய்யத் இல்லாவிட்டாலும் அந்த ஒளுவால் தொழுகை கூடும். ஒளுவுக்குரிய நன்மைதான் தவறிப்போகும். கடமையான குளிப்புக்கும் இதே வித்தியாசம்: ஷாஃபியில் உடலில் முதலில் தண்ணீர் படும்போது நிய்யத் பர்ளு, ஹனஃபியில் சுன்னத். தண்ணீருக்குப் பதிலாக மண்ணால் செய்யும் தயம்முமுக்கு மட்டும் இரண்டு மத்ஹபிலும் நிய்யத் கட்டாயம்.

3. ஸஃப்பில் (தொழுகை வரிசையில்) நிற்கும்முன் நான்கு பதில்கள்

இந்த ஒரு படியைச் சரியாகச் செய்தால், நிய்யத் பற்றிய சிரமங்களில் பெரும்பகுதி வராமலேயே போய்விடும். புதியவர்கள் பெரும்பாலும் தாண்டிவிடுவதும் இதைத்தான். தக்பீர் கட்டும் வினாடியில் எல்லாவற்றையும் யோசிக்கப் பார்க்கிறார்கள், அந்த ஒரு வினாடியில் அது முடிகிற காரியமில்லை.

ஒளு செய்துவிட்டு ஸஃப்பை நோக்கி நடக்கும்போது உங்களையே கேளுங்கள். என்ன தொழுகை? பர்ளா, சுன்னத்தா? தனியாகவா, இமாமுக்குப் பின்னாலா, நானே இமாமாகவா? முழுமையாகவா, கஸராகவா (பயணத்தில் சுருக்கித் தொழுவதாகவா)?

பதில்கள் ஒவ்வொன்றும் ஒரு சொல்தான். “லுஹர், பர்ளு, இமாமுக்குப் பின்னால்.” ஊரில் இருப்பவருக்கு நான்காவது கேள்வியே இல்லை. இந்தப் பதில் கல்பில் தெளிவாக இருந்தால் நிய்யத் தயாராகிவிட்டது. தக்பீரின்போது அதைப் புதிதாக உருவாக்க வேண்டியதில்லை, நினைவில் வைத்திருந்தால் போதும்.

சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. கை உயர்த்தப் போகும் நேரத்தில் யாராவது தோளைத் தட்டி “என்ன தொழப் போறீங்க?” என்று கேட்டால், யோசிக்காமல் பதில் வர வேண்டும். ஹனஃபி நூல்களே நிய்யத்துக்கு இந்த அளவைத்தான் சொல்கின்றன. பதில் சொல்லத் தடுமாறினால் கை உயர்த்தாமல் ஒரு நொடி நின்று கேள்விகளுக்குத் திரும்புங்கள்.

4. எது கட்டாயம், எது தேவையில்லை

ஷாஃபி மத்ஹபில் பர்ளு தொழுகையின் நிய்யத்துக்கு மூன்று அம்சங்கள் வேண்டும். தொழுகிறேன் என்ற நாட்டம், எந்தத் தொழுகை என்ற குறிப்பு, அது பர்ளு என்ற எண்ணம். “லுஹருடைய பர்ளைத் தொழுகிறேன்” என்பதில் மூன்றும் அடங்கிவிட்டன. லுஹர் என்று மட்டும் நினைத்து பர்ளு என்று நினைக்காவிட்டால், பருவம் அடைந்தவருக்கு அது போதாது.

குறிப்பிட்ட சுன்னத்துகளுக்கு முதல் இரண்டும் போதும். பொதுவான நஃபிலுக்கு, அதாவது விரும்பித் தொழும் உபரித் தொழுகைக்கு, தொழுகிறேன் என்ற நாட்டம் மட்டும் போதும்.

ஹனஃபியில் பர்ளுக்கும் வாஜிபுக்கும் (பர்ளுக்கு அடுத்த நிலைக் கட்டாயம்) எந்தத் தொழுகை என்று குறிப்பிடுவது கட்டாயம். சுன்னத்துக்கும் நஃபிலுக்கும் பொதுவாகத் தொழுகிறேன் என்ற நிய்யத்தே போதும். சுன்னத்தைக் குறிப்பிட்டு நிய்யத் வைப்பது பேணுதல்.

நம் வீடுகளில் சொல்லிக்கொடுக்கும் வாக்கியத்தில் இவற்றோடு இன்னும் பல சேர்ந்திருக்கும்: ரக்அத்தின் எண்ணிக்கை, கிப்லாவை முன்னோக்குதல், அதா (உரிய நேரத்தில் தொழுவது), அல்லாஹ்வுக்காக. அல்லாஹ்வுக்காக என்று நினைப்பது விரும்பத்தக்கது, அதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். கிப்லாவை நோக்கி நிற்பது கட்டாயம், நிய்யத்தில் அதை நினைப்பது கட்டாயமில்லை. அதா, களா (தவறியதைப் பின்னால் தொழுவது) என்ற குறிப்பும் நிபந்தனை அல்ல.

எண்ணிக்கையைப் பற்றி மட்டும் கொஞ்சம் கவனமாகச் சொல்கிறேன். அதை நினைப்பது கட்டாயமில்லை. ஆனால் ஷாஃபியில், லுஹரை மூன்று என்றோ ஐந்து என்றோ தவறாக நிய்யத் வைத்தால் தொழுகை கூடாது. ஹனஃபியில் அந்தத் தவறு பாதிக்காது. புதியவர்களுக்கு நான் சொல்வது: எண்ணிக்கையை நிய்யத்தில் கொண்டுவராதீர்கள். கட்டாயமில்லாத ஒன்றைச் சேர்த்து, அதில் தவறி, தொழுகையை இழப்பானேன்?

கல்பில் லுஹர் இருந்து நாக்கு அஸர் என்று சொல்லிவிட்டால்? கல்பில் உள்ளதுதான் கணக்கு. தொழுகை கூடும். மறுபடியும் தக்பீர் கட்டத் தேவையில்லை.

5. தக்பீரோடு நிய்யத்தைச் சேர்ப்பது

ஷாஃபியில் நிய்யத் தொழுகையின் ருக்னு, அதாவது தொழுகைக்கு உள்ளே இருக்கும் பகுதி. தொழுகை தக்பீர் தஹ்ரீமாவோடு தொடங்குவதால், நிய்யத்தும் அந்தத் தக்பீரோடு சேர்ந்திருக்க வேண்டும். ஹனஃபியில் நிய்யத் ஷர்த்து, தொழுகைக்கு வெளியே முன்கூட்டி இருக்க வேண்டிய நிபந்தனை. ஆகவே சற்று முன்னதாகவே வைக்கலாம். இடையில் சாப்பிடுவது, வியாபாரம் பேசுவது போன்ற தொழுகைக்குச் சம்பந்தமில்லாத வேலை வரக்கூடாது. பள்ளிக்கு நடந்து வருவதோ ஒளு செய்வதோ கெடுக்காது. தக்பீருடன் சேர்த்தே வைப்பதுதான் ஹனஃபியிலும் சிறந்தது. தக்பீர் சொல்லி முடித்த பின் வைக்கும் நிய்யத் செல்லாது.

சேர்ந்திருக்க வேண்டும் என்றால் எந்த அளவுக்கு? ஷாஃபி நூல்களில் கடுமையான கருத்து ஒன்று உண்டு: “அல்லாஹ்” என்பதன் அலிஃப் முதல் “அக்பர்” என்பதன் ரா வரை நிய்யத்தின் எல்லா அம்சங்களும் விரிவாகக் கல்பில் நிற்க வேண்டும். இதை மட்டும் கேள்விப்பட்டவர்கள்தான் பெரும்பாலும் வஸ்வாஸில் (தீராத சந்தேகத்தில்) விழுகிறார்கள். இமாமுல் ஹரமைனும் இமாம் கஸ்ஸாலியும் சொன்ன, இமாம் நவவி தேர்ந்தெடுத்த கருத்து எளிதானது: தக்பீர் சொல்லும்போது தான் தொழுகையில் நுழைவதை உணர்ந்திருக்கிறார் என்று வழக்கத்தில் சொல்லக்கூடிய அளவு கவனம் இருந்தாலே போதும். பாமர மக்களுக்கு நான் சொல்லித்தருவது இதுதான். மூன்றாவது படியின் பதில் கல்பில் இருக்கிறது, நாவில் “அல்லாஹு அக்பர்” வருகிறது, முடிந்தது.

பயிற்சி இப்படி: கிப்லாவை நோக்கி நேராக நில்லுங்கள். பார்வையை ஸுஜூது செய்யும் இடத்தில் வையுங்கள். “லுஹர் பர்ளு, இமாமுக்குப் பின்னால்” என்று கல்பில் ஒருமுறை கொண்டுவாருங்கள். அந்த நினைவு கலைவதற்குள் கைகளை உயர்த்தித் தக்பீர் சொல்லுங்கள். தக்பீரை இழுக்க வேண்டாம். நினைவைப் பிடித்து வைக்கிறேன் என்று “அல்லாஹு அக்பாஆர்” என்று நீட்டுவது பொருளையே கெடுத்துவிடும்.

நாவால் சொல்வது பற்றி: ஷாஃபி நூல்கள் தக்பீருக்குச் சற்று முன் நாவால் சொல்வதை, கல்புக்குத் துணையாக இருக்கும் என்ற காரணத்தால் சுன்னத் என்கின்றன. பிற்கால ஹனஃபி அறிஞர்களிலும் பலர் இதை நல்லதென்றனர். நபி (ஸல்) அவர்களிடமிருந்தும் ஸஹாபாக்களிடமிருந்தும் அப்படி அறிவிப்பில்லை என்று கூறி, இப்னு தைமிய்யாவும் இப்னுல் கய்யிமும் மறுத்தார்கள். தமிழ்ப் பகுதிகளில் இதை வைத்து நடந்த வாக்குவாதங்கள் உங்களுக்கும் தெரிந்திருக்கும். எந்தத் தரப்பும் மறுக்காத விஷயம் ஒன்று உண்டு: கல்பில் இல்லாமல் நாவில் மட்டும் இருந்தால் அது நிய்யத் அல்ல. சொல்பவர், தமிழிலோ அரபியிலோ சுருக்கமாக, பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காமல் சொல்லட்டும்.

அரபியில் “உஸல்லீ” என்று தொடங்கும் நீண்ட வாக்கியத்தைப் பொருள் தெரியாமல் ஒப்பிப்பவருக்கு, அது துணையாவதற்குப் பதிலாக வேலையாகிவிடுகிறது. வாக்கியத்தின் அடுத்த சொல்லில் கவனம் போகிறதே தவிர, என்ன தொழுகிறோம் என்பதில் இல்லை. இமாம் ஃபாத்திஹாவை முடிக்கும்வரை ஒப்பித்துக்கொண்டு நிற்பவர்களைப் பார்க்கிறேன். அவர்களிடம் நான் முதலில் செய்வது, ஒரு வாரத்துக்கு அந்த வாக்கியத்தை நிறுத்தி, மூன்றாவது படியை மட்டும் செய்யச் சொல்வது.

6. இமாமுக்குப் பின்னால் நிற்பவர்

மஃமூமுக்கு, இமாமைப் பின்பற்றுகிறேன் என்ற நிய்யத் இரண்டு மத்ஹபிலும் வேண்டும். அது இல்லாவிட்டால் ஸஃப்பில் நின்றாலும் அவர் தனியாகத் தொழுபவர்தான். ஷாஃபியில் இன்னும் கடினம்: பின்பற்றும் நிய்யத் இல்லாமலேயே, ஒவ்வொரு செயலுக்கும் இமாமுக்காக நீண்ட நேரம் காத்திருந்து அவரோடு சேர்ந்து செய்தால் தொழுகையே வீணாகும்.

இமாமின் பெயரை நிய்யத்தில் கொண்டுவராதீர்கள். “இந்த இமாமை” என்பதே போதும். ஒருவரைப் பெயரால் நினைத்து நிய்யத் வைத்து, முன்னால் நின்றவர் வேறொருவர் என்று தெரியவந்தால் சிக்கல். பெரிய பள்ளிகளில் இமாமின் முகம் தெரிவதில்லை. வழக்கமான ஹஜ்ரத் ஊருக்குப் போயிருக்கலாம்.

இமாமுக்கு, தான் இமாமாக நிற்கிறேன் என்ற நிய்யத் ஷாஃபியில் ஜும்ஆ போன்ற சிலவற்றில் மட்டுமே கட்டாயம். மற்றவற்றில் அது இல்லாமலும் தொழுகை கூடும், ஆனால் ஜமாஅத்தின் நன்மை அவருக்குக் கிடைக்காது. ஹனஃபியில் பெண்கள் பின்னால் நிற்கும்போது, அவர்களுக்கும் இமாமாக நிற்கும் நிய்யத் வேண்டும். வீட்டில் மனைவி மக்களோடு ஜமாஅத் நடத்தும் ஆண்கள் இதை அடிக்கடி விட்டுவிடுகிறார்கள். முன்னால் நிற்கிறவர் எந்த மத்ஹபாக இருந்தாலும், பின்னால் நிற்கும் அனைவருக்கும் இமாமாக நிய்யத் வைப்பது பேணுதல்.

இமாம் ருகூவில் இருக்கும்போது ஓடி வருபவரின் தவறு மிகவும் பரவலானது. வாசலிலிருந்து வேகமாக வருகிறார், “அல்லாஹு அக்பர்” என்று சொல்லிக்கொண்டே குனிகிறார். தக்பீரின் பாதி நிற்கும்போது, பாதி குனியும்போது. அது தஹ்ரீமாவா, ருகூவின் தக்பீரா என்று அவருக்கே தெரியாது. ஷாஃபியில், ஒரே தக்பீரில் இரண்டையும் சேர்த்து நிய்யத் வைத்தால் தொழுகை கூடாது. பர்ளு தொழுகையில் தஹ்ரீமாவை நேராக நின்று முழுமையாகச் சொல்வது, சக்தி உள்ளவருக்குக் கட்டாயம்.

சரியான முறை: ஓடாமல் நடந்து வாருங்கள். ஸஃப்பில் சேர்ந்து நேராக நில்லுங்கள். நிய்யத்தோடு தஹ்ரீமா சொல்லுங்கள். பிறகு இன்னொரு தக்பீர் சொல்லி ருகூவுக்குப் போங்கள். அந்த ரக்அத் கிடைக்காவிட்டால் ஸலாமுக்குப் பின் எழுந்து தொழுதுகொள்ளலாம். தஹ்ரீமா கெட்டால் தொழுகையே இல்லை.

இமாமின் தொழுகையும் உங்களுடையதும் வேறாக இருந்தால் மத்ஹபு வித்தியாசம் பெரிது. ரமளானில் நடக்கும் ஒரு காட்சி: இஷாவுக்குப் பிந்தி வருகிறீர்கள், இமாம் தராவீஹில் நிற்கிறார். ஷாஃபியில் இஷா பர்ளின் நிய்யத்தோடு அவரைப் பின்பற்றலாம். இரண்டு ரக்அத்தில் அவர் ஸலாம் கொடுத்ததும் எழுந்து மீதி இரண்டைத் தொழுதுகொள்வீர்கள். ஹனஃபியில் நஃபில் தொழுபவருக்குப் பின்னால் பர்ளு கூடாது. ஓரமாக நின்று இஷாவைத் தனியாகத் தொழுதுவிட்டு, அதன் பிறகே தராவீஹில் சேர வேண்டும்.

7. ஜும்ஆவுக்குப் பிந்தி வந்தால்

ஷாஃபியில், இரண்டாவது ரக்அத்தின் ருகூவை இமாமோடு அடையாதவருக்கு ஜும்ஆ தவறிவிட்டது. அவர் லுஹராக நான்கு ரக்அத் தொழ வேண்டும். ஆனால் இமாமோடு சேரும்போது வைக்க வேண்டிய நிய்யத் ஜும்ஆதான். ஜும்ஆ என்று நிய்யத் வைத்து லுஹரைத் தொழுவது புதியவர்களுக்கு விசித்திரமாக இருக்கும். இமாமுடைய தொழுகை ஜும்ஆ என்பதாலும், இமாம் ஏதாவது ருக்னை மறந்து ஒரு ரக்அத்தைக் கூடுதலாகத் தொழ எழுந்தால் இவருக்கும் ஜும்ஆ கிடைக்க வாய்ப்பிருப்பதாலும் இப்படிச் சட்டம்.

ஹனஃபியில், இமாம் அபூஹனீஃபாவின் கருத்துப்படி ஸலாமுக்கு முன் அத்தஹிய்யாத் இருப்பில் சேர்ந்தாலும் ஜும்ஆ கிடைத்துவிடும். இரண்டு ரக்அத்தே தொழுவார். நீங்கள் ஷாஃபியாக இருந்தால், பக்கத்தில் நிற்பவர் இரண்டில் ஸலாம் கொடுத்துவிட்டார் என்று பார்த்து நீங்களும் கொடுத்துவிடாதீர்கள்.

8. சுன்னத்துகள்

ஷாஃபியில் லுஹரைப் போல முன்னும் பின்னும் சுன்னத் உள்ள தொழுகைகளில், முன் சுன்னத்தா பின் சுன்னத்தா என்று குறிப்பிட வேண்டும். பெருநாள் தொழுகையில் நோன்புப் பெருநாளா ஹஜ்ஜுப் பெருநாளா என்று குறிப்பிட வேண்டும். வித்ரை (இரவின் ஒற்றைப்படைத் தொழுகையை) இரண்டும் ஒன்றுமாகப் பிரித்துத் தொழுதால், அந்த இரண்டிலும் வித்ரின் நிய்யத் வேண்டும். ஹனஃபியில் வித்ரு வாஜிப். மூன்று ரக்அத் ஒரே ஸலாம், வித்ரு என்று குறிப்பிட்டாலே போதும்.

நேரம் குறைவாக இருக்கும்போது நிய்யத்துகளைச் சேர்க்கலாமா? பள்ளியில் நுழைந்ததும் தொழும் தஹிய்யத்தும் ஒளுவின் சுன்னத்தும் வேறொரு தொழுகைக்குள் அடங்கக்கூடியவை. லுஹரின் முன் சுன்னத் இரண்டு ரக்அத்தில் இந்த இரண்டையும் சேர்த்து நிய்யத் வைத்தால் மூன்றின் நன்மையும் கிடைக்கும். ஆனால் பர்ளோடு முன் சுன்னத்தைச் சேர்த்து ஒரே தொழுகையாக நிய்யத் வைத்தால் ஷாஃபியில் தொழுகை கூடாது. தனித்தனியாகக் கேட்கப்பட்ட இரண்டை ஒன்றில் அடக்க முடியாது என்பதே காரணம்.

9. பயணத்தில்

சுமார் 80 கிலோமீட்டர் அளவுள்ள பயணத்தில், மத்ஹபுக்கு மத்ஹப் சற்றே வித்தியாசத்தோடு, லுஹர், அஸர், இஷா மூன்றையும் இரண்டாகச் சுருக்கலாம். ஷாஃபியில் கஸர் செய்கிறேன் என்ற நிய்யத் தஹ்ரீமாவோடு இருக்க வேண்டும். வைக்க மறந்துவிட்டால் நான்காகத் தொழ வேண்டும்; நடுவில் நினைவு வந்து சுருக்க முடியாது. ஊரில் இருக்கும் இமாமைப் பின்பற்றினாலும் நான்குதான். ஹனஃபியில் பயணிக்கு இரண்டே கடமை, தனி நிய்யத் தேவையில்லை. உள்ளூர் இமாமுக்குப் பின்னால் மட்டும் நான்கு.

தங்கும் நிய்யத்தும் கணக்கில் வரும். போன இடத்தில் எத்தனை நாள் தங்குவது என்று மனத்தில் முடிவு செய்தீர்களோ அதைப் பொறுத்துப் பயணியின் சட்டம் நீங்கும்: ஷாஃபியில் போய்ச்சேரும் நாளும் புறப்படும் நாளும் போக நான்கு நாள், ஹனஃபியில் 15 நாள்.

ஷாஃபியில் ஜம்உ செய்பவர் (இரண்டு தொழுகைகளை ஒரே நேரத்தில் சேர்த்துத் தொழுபவர்) நிய்யத்தின் நேரத்தைக் கவனியுங்கள். லுஹர் நேரத்தில் அஸரை முற்படுத்தினால், ஜம்உவின் நிய்யத்தை லுஹரில் ஸலாம் கொடுப்பதற்குள் வைத்துவிட வேண்டும். லுஹரைப் பிற்படுத்தி அஸரோடு தொழுவதானால், லுஹர் நேரம் முடிவதற்குள் “பிற்படுத்தி ஜம்உ செய்கிறேன்” என்று முடிவு செய்ய வேண்டும். ரயிலில் தூங்கி எழுந்து அஸர் நேரத்தில் “ஜம்உ செய்துகொள்கிறேன்” என்று நினைத்தால் அது ஜம்உ அல்ல, லுஹர் களாவாகிவிட்டது. ஹனஃபியில் அரஃபாவிலும் முஸ்தலிஃபாவிலும் தவிர ஜம்உ இல்லை.

10. களா

பல ஆண்டுகள் தொழாமல் இருந்துவிட்டுத் திரும்புபவர்கள் இங்கேதான் மலைத்து நிற்பார்கள். எந்த நாளின் லுஹர் என்று எப்படி நிய்யத் வைப்பது? ஷாஃபியில் நாளைக் குறிப்பிடத் தேவையில்லை. லுஹருடைய பர்ளு என்றால் போதும். ஹனஃபியில் பல களாக்கள் இருக்கும்போது “என் மீதுள்ள முதல் லுஹர்” என்று நிய்யத் வையுங்கள். அதை நிறைவேற்றியதும் அடுத்தது முதலாவதாகிவிடும். இப்படியே போனால் தேதி நினைவில்லாமலும் ஒவ்வொன்றும் குறிப்பானதாகிவிடுகிறது.

11. ஜனாஸா

பர்ளு என்று நினைத்து, இமாம் தொழும் மய்யித்துக்காக (இறந்தவருக்காக) தொழுகிறேன் என்றால் போதும். ஆணா பெண்ணா, யார் வீட்டு மய்யித் என்றெல்லாம் விசாரித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. முன்னால் இருக்கும் மய்யித்தின் பெயரை நிய்யத்தில் சேர்ப்பது தவறுக்கு வழி செய்யும்.

12. தொழுகைக்குள் நிய்யத் ஆட்டம் கண்டால்

ஷாஃபியில் நிய்யத் தொழுகையின் இறுதிவரை முறியாமல் இருக்க வேண்டும். தொழுகையை விட்டுவிடுகிறேன் என்று முடிவு செய்தாலோ, விடலாமா தொடரலாமா என்று தயங்கினாலோ, அந்த நிமிடமே தொழுகை முறியும். சட்டைப்பையில் செல்பேசி அதிர்கிறது, “இன்னொரு தடவை அடித்தால் தொழுகையை விட்டுவிட வேண்டியதுதான்” என்று முடிவு செய்கிறீர்கள். அடிக்காவிட்டாலும் தொழுகை போய்விட்டது. ஹனஃபியில் விட நினைப்பதால் மட்டும் முறியாது, முறிக்கும் செயல் வேண்டும். செல்பேசியை ஸஃப்புக்கு வருமுன் அணைப்பது இதற்காகவும்தான்.

ஒரு பர்ளை நடுவில் இன்னொரு பர்ளாக மாற்ற முடியாது. அஸர் தொழும்போது லுஹர் தொழவில்லை என்று நினைவு வந்தால், கல்பில் பெயரை மாற்றினால் அது லுஹராகிவிடாது. ஷாஃபியில் ஒரு மாற்றம் மட்டும் விரும்பப்படுகிறது: மூன்று அல்லது நான்கு ரக்அத் பர்ளைத் தனியாகத் தொடங்கிய பின் ஜமாஅத் ஆரம்பமானால், மூன்றாவது ரக்அத்துக்கு எழாத நிலையில் அதை நஃபிலாக மாற்றி, இரண்டில் ஸலாம் கொடுத்து ஜமாஅத்தில் சேரலாம். வக்து போதுமான அளவு இருக்க வேண்டும்.

நிய்யத் வைத்தோமா என்ற சந்தேகம் உள்ளே வந்தால் ஷாஃபியில் சட்டம் இது: அதிக நேரம் கடக்குமுன், அந்தச் சந்தேக நிலையில் ஒரு ருக்னை முடிக்குமுன் நினைவு வந்துவிட்டால் தொடரலாம். இல்லையென்றால் முதலிலிருந்து தொழ வேண்டும்.

இந்தச் சட்டம் எப்போதாவது சந்தேகம் வருபவருக்கு. ஒவ்வொரு தொழுகையிலும் வருவது வஸ்வாஸ். அதைக் கண்டுகொள்ளாமல் விடுவதே மருந்து. மீண்டும் மீண்டும் தக்பீர் கட்டுகிறவர் ஒன்றைத் தெரிந்துகொள்ளட்டும்: ஒவ்வொன்றையும் தொழுகையைத் தொடங்கும் நோக்கத்தோடு சொன்னால், ஷாஃபியில் முதல் தக்பீரில் தொழுகையில் நுழைகிறார், இரண்டாவதில் வெளியேறுகிறார், மூன்றாவதில் மறுபடி நுழைகிறார். பாதுகாப்புக்காக ஒன்றைக் கூட்டிச் சொல்லி, நான்காவதில் நிறுத்தினால் அவர் தொழுகைக்கு வெளியே நிற்கிறார்.

அப்படிப்பட்டவர் உங்களிடம் கற்க வந்தால் நிய்யத்தைப் பற்றி மேலும் விளக்கம் கொடுக்காதீர்கள். பக்கத்தில் நிறுத்திக்கொண்டு “என்ன தொழப் போறீங்க?” என்று கேளுங்கள். “அஸர்” என்பார். “அப்போ தக்பீர் கட்டுங்க” என்று சொல்லுங்கள். கட்டியதும் அடுத்த மூச்சில் ஓதத் தொடங்கிவிட வேண்டும், திரும்பிப் பார்க்கக்கூடாது. சில வாரங்கள் ஒரே ஆள் பக்கத்தில் நின்று இதைச் செய்தால், பெரும்பாலானவர்கள் ஒரே தக்பீருக்கு வந்துவிடுகிறார்கள்.